உலோக நுரையா, ஃபின்னா? வெப்பம் போகும் திசையை வைத்து ஒரு தேர்வு

வெப்பப் பரிமாற்றி பற்றிப் பேச்சு எடுத்தால், கல்லூரி புராஜெக்ட் ஆனாலும் சரி, சிறிய தொழிற்கூடம் ஆனாலும் சரி, யாராவது ஒருவர் ஸ்பாஞ்ச் போலத் துளைகள் நிறைந்த உலோக நுரையைக் கொண்டுவந்துவிடுகிறார். அந்த ஆசை புரிகிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. நூறு பங்கில் தொண்ணூறு பங்குக்கு மேல் வெற்றிடம். வாயு ஓடும் பக்கத்தில் ஒரு கன மீட்டருக்கு 700 சதுர மீட்டர் பரப்பு இருந்தாலே அதைக் ‘காம்பாக்ட்’ வெப்பப் பரிமாற்றி என்று வகைப்படுத்துவது வழக்கம். நடுத்தரத் துளை கொண்ட அலுமினிய நுரை 1,000 சதுர மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். இவ்வளவு பரப்பும் இவ்வளவு குறைந்த எடையும் சேர்ந்து கிடைக்கும்போது வேறு என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

பரப்பு இருந்தால் மட்டும் போதாது. சூடான தகட்டிலிருந்து அந்தப் பரப்பு வரைக்கும் வெப்பம் போய்ச் சேர வேண்டும். அப்புறம் அந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டு காற்றோ தண்ணீரோ ஓட வேண்டும், அதைத் தள்ள ஃபேனுக்கோ பம்புக்கோ திறன் வேண்டும். இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால் தேர்வு மாறிவிடுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெப்பம் ஒரே திசையில் போகிற வேலைக்கு ஃபின்னை, அதாவது சூடான தகட்டின் மேல் வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளை எடுங்கள். வெப்பம் பல பக்கமிருந்து வந்தாலோ, பாய்மம் (ஓடும் காற்றோ தண்ணீரோ) பல பக்கமும் பரவ வேண்டியிருந்தாலோ நுரையை எடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை மூன்று வேலைகளை வைத்துக் காட்டுகிறேன்: ஃபேன் காற்றில் குளிரும் ரேடியேட்டர், மின்னணு மாட்யூலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் கோல்டு பிளேட், பேட்டரி செல்களைச் சுற்றி மெழுகு நிரப்பிய பெட்டி.

நுரையைக் கையில் எடுத்துப் பார்த்தால்

வெப்பப் பரிமாற்றத்துக்கு வேண்டியது திறந்த துளை நுரை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழி இருக்க வேண்டும். ஒலியைத் தடுக்கவும் மோதலைத் தாங்கவும் விற்கப்படும் மூடிய துளை நுரை இந்த வேலைக்கு ஆகாது. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

துளையின் அளவைப் பிபிஐ என்ற கணக்கில் சொல்வார்கள்: ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளைகள் என்பது. 10 பிபிஐ நுரையில் 25.4 மி.மீ. நீளத்துக்குப் பத்துத் துளைகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இழைகள் ஒன்றோடொன்று சேரும் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியும். இழையின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, பக்கங்கள் உள்வாங்கிய முக்கோணமாக இருக்கும். முடிச்சுகளில் உலோகம் கொஞ்சம் கூடுதலாகத் திரண்டிருக்கும். சாதாரண ரம்பத்தால் அறுத்தால் ஓரத்து இழைகள் மடங்கி வழியை அடைத்துவிடும். அதனால்தான் ஒயர் இடிஎம்மில், அதாவது மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெல்லிய கம்பியால் வெட்டுகிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஈஆர்ஜி ஏரோஸ்பேஸ் விற்கும் டியோசெல் இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் வந்த முடிவுகளில் பல, அது போன்ற 6101 என்ற அலுமினியக் கலப்புலோக நுரையை வைத்துச் செய்தவை.

இப்போது அந்த இழைகள் வழியே வெப்பம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். 6101 அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 218 வாட்/மீ.கெ. கடத்துதிறனுக்கு இனி எண்ணை மட்டும் சொல்கிறேன். நுரையில் 8 சதவீதம்தான் உலோகம் என்றால் 218இல் 8 சதவீதம், அதாவது 17.4 கிடைக்கும் என்று நினைக்கலாம். கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, 5.8தான். இழைகள் எல்லாத் திசையிலும் பரவிக் கிடப்பதுதான் காரணம். வெப்பம் தகட்டிலிருந்து மேல்நோக்கி ஏற வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் கிடக்கிற இழைகளால் பயனில்லை. மூன்று திசைக்கும் உலோகத்தைப் பங்கிட்டால் ஒரு திசைக்கு மூன்றில் ஒன்று. லெம்லிக் 1978இல் சோப்பு நுரை போன்ற பன்முக நுரைகளின் மின்கடத்தலுக்குக் கொடுத்த எளிய விதி இது. வெப்பக் கடத்தலுக்கும் அப்படியே பொருந்துகிறது, மெல்லிய நுரைகளில் அளந்த மதிப்புகளும் இதற்கு அருகில்தான் வருகின்றன.

ஃபின்னில் இந்தப் பங்கீடே கிடையாது. 0.1 மி.மீ. தகட்டை 1.5 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால் உலோகம் 6.7 சதவீதம்தான், நுரையை விடவும் குறைவு. ஆனால் ஃபின் உலோகத்தின் கடத்துதிறன் 180 என்று வைத்தாலும், ஏறும் திசையில் 12 கிடைக்கிறது. நுரைக்குக் கிடைத்ததைப் போல் இரண்டு மடங்கு. பரப்பும் குறையவில்லை: கன மீட்டருக்குச் சுமார் 1,330 சதுர மீட்டர். பரப்பை வைத்து நுரையைப் புகழ்கிறவர்கள் பலர் இந்த எளிய வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

காற்று: ரேடியேட்டரின் பக்கம்

வெப்பம் தகட்டிலிருந்து நுரைக்குள் ஏற ஏற, வழியிலேயே காற்று அதை வாங்கிக்கொண்டே போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வாய்க்கால் போலத்தான். எவ்வளவு தூரம் வரை வெப்பம் உருப்படியாகப் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கடத்துதிறனை, ஒரு கன மீட்டர் நுரை ஒரு டிகிரிக்குக் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வரும் நீளத்தை நான் ‘எட்டும் தூரம்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

10 பிபிஐ நுரையில் 3 மீ/வி காற்றை விடுவோம். இழைக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப மாற்றத்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கல்மிடி, மகாஜன் இருவரும் 2000ஆம் ஆண்டில் கொடுத்த சமன்பாட்டைப் போட்டால், இழையின் வெப்ப மாற்றக் கெழு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு அது காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம், சதுர மீட்டருக்கு 270 வாட் அளவில் வருகிறது. மெல்லிய இழை என்பதால் இது நல்ல எண். தட்டையான தகட்டுக்கு இவ்வளவு கிடைக்காது. பரப்பு கன மீட்டருக்கு 800 சதுர மீட்டர் என்று எடுத்தால், எட்டும் தூரம் 5 மி.மீ.தான்.

இரண்டு தகடுகளுக்கு நடுவே 10 மி.மீ. உயர நுரையை வைத்தால் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் வெப்பம் 5 மி.மீ. ஏறினால் போதும். அப்போது உலோகப் பரப்பில் முக்கால் பங்கு வேலை செய்கிறது. உயரத்தை 20 மி.மீ. ஆக்கினால் வேலை செய்வது பாதிக்கும் குறைவு. உலோகத்தை இரட்டிப்பாக்கி, அதே வேகக் காற்றில் கிடைக்கும் கூடுதல் வெப்பம் சுமார் 25 சதவீதம் மட்டுமே. ஆகவே காற்றுக்கு நுரை வைப்பதென்றால் தகடுகளுக்கு இடையே 8 முதல் 10 மி.மீ. வரை நிறுத்திக்கொள்ளுங்கள். உயரமான ஒரு நுரைக் கட்டியை ஹீட் சிங்காக (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் பாகமாக) ஒட்டிவைக்கிற வடிவமைப்பு எப்போதும் ஏமாற்றம்தான் தரும். அதன் மேல்பாதி சும்மா உட்கார்ந்திருக்கிறது.

சரி, 10 மி.மீ. உயரத்தோடு நிறுத்தினால் நுரை ஃபின்னுக்குச் சமமாக நிற்கிறதா என்றால், வெப்பத்தில் நிற்கிறது. சாய்வான சிறு கீறல்கள் போட்ட லூவர் ஃபின்னை விட, அதே வேகத்தில் சற்று அதிகமாகவே கொடுக்கிறது. பிரச்சினை ஃபேனின் பக்கம் வருகிறது.

நுரை வழியாக ஓடும் பாய்மத்தின் அழுத்த இழப்பு இரண்டு பகுதிகளின் கூட்டு. ஒன்று பாகுநிலையால், அதாவது பாய்மத்தின் பிசுபிசுப்பால் வருவது. வேகம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கூடும். 1856இல் பிரான்ஸின் திஜோன் நகரத்துக் குடிநீர் வேலையின்போது மணல் வழியே தண்ணீர் ஓடுவதை அளந்து டார்சி சொன்ன விதி அது. மற்றொன்று இழைகளைச் சுற்றித் திரும்பித் திரும்பி ஓடுவதால் வரும் நிலைம இழப்பு. அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 1901இல் ஃபோர்ஷைமர் சேர்த்தது அந்தப் பகுதி. மணலில் மெதுவாக ஊறும் தண்ணீருக்கு முதல் பகுதி போதும். நுரை வழியே ஊதும் காற்றுக்கு இரண்டாம் பகுதிதான் ஆட்சி செய்கிறது. நம்முடைய 10 பிபிஐ நுரையில் 3 மீ/வி வேகத்துக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு முதல் பகுதி சுமார் 450 பாஸ்கல், இரண்டாம் பகுதி சுமார் 2,800 பாஸ்கல். காற்று ஓடும் ஆழம் 50 மி.மீ. என்றால் மொத்தம் 160 பாஸ்கல் போகிறது. கணினிக்குப் போடும் சாதாரண 120 மி.மீ. ஃபேன் முழுதாக அடைத்த நிலையில் கொடுப்பதே 20, 30 பாஸ்கல்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அந்த ஃபேனோடு அந்த ஆழத்தில் 3 மீ/வி வராது, காற்று நின்றுபோகும்.

லூவர் ஃபின்னுக்கு அதே வேகத்தில் என் கைக்கணக்கு ஒரு மீட்டருக்கு 900 பாஸ்கல் அளவில் காட்டுகிறது. அதாவது ஏறக்குறைய அதே வெப்பத்துக்கு நுரை மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் கேட்கிறது. வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்றால் அங்கேயும் இடிக்கிறது. வேகம் இரட்டித்தால் நுரையில் அழுத்த இழப்பு 3.7 மடங்கு, ஃபேன் திறன் ஏழு மடங்குக்கு மேல். அதற்குப் பதிலாக இழையின் வெப்ப மாற்றக் கெழு 1.4 மடங்குதான் கூடுகிறது, எட்டும் தூரமும் குறைகிறது. இந்தப் பேரம் யாருக்கும் கட்டுப்படியாகாது.

40 பிபிஐ போன்ற நுண்ணிய நுரைக்குப் போனால் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அழுத்த இழப்பும் ஒன்றரை மடங்கைத் தாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், கன அளவுக்கான வெப்ப மாற்றம் கூடுவதால் எட்டும் தூரம் இன்னும் சுருங்குவது. கடத்துதிறனைத் தீர்மானிப்பது உலோகத்தின் பங்குதான், பிபிஐ அல்ல. 10 பிபிஐயிலும் 40 பிபிஐயிலும் உலோகம் 8 சதவீதம் என்றால் இரண்டுக்கும் அதே 5.8தான். எனவே பிபிஐயைக் கூட்டுவது, ஏறிவர முடியாத இடத்தில் பரப்பைக் கொண்டுபோய்க் குவிப்பதாகிவிடும். நுரை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய எண் உலோகத்தின் சதவீதம், பிபிஐ அதற்குப் பிறகு.

ஃபேன் காற்று மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. செங்குத்தான வழியில் காற்று தானாக மேலேறும், ஃபேனும் கொஞ்சம் தள்ளும். இந்த மாதிரியான கலப்பு ஓட்டத்தை அலுமினிய நுரை நிரப்பிச் சென்னை ஐஐடியில் காமத், சி. பாலாஜி, எஸ்.பி. வெங்கடேசன் ஆகியோர் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது நிலைம இழப்பு அடங்கிவிடுகிறது என்பதால் அந்த எல்லைக்குள் நுரைக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. அங்கேயும் பெரிய துளை நுரையே ஏற்றது. நுண்ணிய துளை, தானாக ஏறும் காற்றின் மெல்லிய விசையைக் கொன்றுவிடும்.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் ரேடியேட்டரை விட்டு நகர முடியாது. ஃபின்னில் அடைப்பு பெரும்பாலும் முன்முகத்தில் சேரும். பின்பக்கமிருந்து காற்றடித்தோ தண்ணீர் பீய்ச்சியோ தள்ளலாம், வளைந்த ஃபின்னைச் சீப்பு வைத்து நிமிர்த்தலாம். நுரையில் நேர்வழி என்று ஒன்றில்லை. உள்ளே போன தூசி ஏதோ ஒரு முடிச்சில் சிக்கிக்கொள்ளும், எந்தப் பக்கமிருந்து ஊதினாலும் அடுத்த முடிச்சுக்குத்தான் நகரும். பஞ்சு பறக்கும் நூற்பாலையிலோ, புழுதி ரோட்டில் ஓடும் வண்டியிலோ இதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஈரக்காற்றைக் குளிர்விக்கும் ஏசி காயிலிலும் வேண்டாம். திரளும் தண்ணீரை நுரை பிடித்து வைத்துக்கொள்ளும், வடியவிடாது.

ஆக, காற்றுக்கு லூவர் ஃபின்தான். ஃபேனுக்குப் பதிலாக நல்ல அழுத்தமுள்ள ப்ளோயர் ஏற்கனவே இருந்து, காற்று வடிகட்டி வந்து, இடமும் எடையும் உயிர்ப்பிரச்சினையாக இருக்கிற விமானம், விண்கலம் போன்ற இடங்களில் மட்டும் என் தராசு நுரைப் பக்கம் சாயும். அப்போதும் முகப்பு அகலமாக, காற்று ஓடும் ஆழம் 10, 15 மி.மீ.க்குள் இருக்கும்படி வடிவமைக்க வேண்டும்.

தகட்டோடு சேரும் இடம்

எல்லா வேலைக்கும் பொதுவான ஒரு விஷயத்தை இங்கே நின்று பார்த்துவிடலாம். நுரைத் துண்டைத் தகட்டின் மேல் வைத்தால் தகட்டைத் தொடுவது வெட்டுப்பட்ட இழைகளின் நுனிகள் மட்டும். நூறில் எட்டுப் பங்குதான் உலோகம் என்பதால் தொடும் பரப்பும் அந்த அளவுதான், அதிலும் எல்லா நுனியும் ஒரே மட்டத்தில் இருக்காது. வெறுமனே அழுத்தி வைத்தால் வெப்பம் நுரைக்குள் ஏறும் முன்பே தடைபட்டுவிடுகிறது. எப்பாக்ஸி தடவினால் கொஞ்சம் மேம்படும், ஆனால் எப்பாக்ஸியின் கடத்துதிறன் அலுமினியத்தின் பக்கத்திலேயே வராது. பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தினர் நுரையை ஒட்டும் நான்கு முறைகளை ஒப்பிடுவதையே 2012இல் தனி ஆய்வாகச் செய்தார்கள் என்றால், இந்த இணைப்பு எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் வேறோர் உலோகத்தை உருக்கி ஒட்டவைக்கும் பிரேசிங்தான் சரியான வழி. அதிலும் கவனம் வேண்டும். உருகிய பிரேசிங் உலோகம் நுண்ணிய வழிகளில் தானாக ஏறும் குணமுள்ளது. அளவு கொஞ்சம் கூடிவிட்டால் தகட்டை ஒட்டியிருக்கும் முதல் வரிசைத் துளைகளுக்குள் ஏறி அடைத்துவிடும். அந்த வரிசையில்தான் வெப்பநிலை அதிகம், அங்கேதான் பாய்மம் ஓட வேண்டும். ஃபின்னுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் வளைவு முழுதும் தகட்டில் கோடாகப் படிகிறது, கார் ரேடியேட்டர் தொழிற்சாலைகள் அந்தப் பிரேசிங்கைப் பல பத்தாண்டுகளாகச் செய்து கைதேர்ந்துவிட்டன. விலையில் நுரை தோற்பதற்கு நுரையின் விலையைப் போலவே இந்த இணைப்பு வேலையும் ஒரு காரணம்.

தண்ணீர்: கோல்டு பிளேட்

தண்ணீருக்குப் போனால் நுரையின் நிலை மேம்படும் என்று நினைப்போம், தண்ணீர் நல்ல குளிர்விப்பான் ஆயிற்றே. உண்மையில் நடப்பது எதிர்மறை. தண்ணீர் வெப்பத்தை அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்வதால் எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது. அதே 10 பிபிஐ நுரையில் 0.1 மீ/வி தண்ணீர் ஓடினால் எட்டும் தூரம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. தகட்டிலிருந்து ஒரு துளை தாண்டுவதற்குள் வெப்பம் தீர்ந்துவிடுகிறது. மீதி நுரை, தண்ணீருக்கு வெறும் தடை.

இதற்கு ஒரு நல்ல பதில் 2003இல் வந்தது. சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் பூம்ஸ்மா, பூலிகாகோஸ், ட்ஸ்விக் மூவரும் 40 பிபிஐ அலுமினிய நுரையை நசுக்கி, 40 மி.மீ.க்கு 40 மி.மீ. பரப்பும் 2 மி.மீ. உயரமும் கொண்ட துண்டுகளாக்கித் தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். நசுக்கினால் உலோகத்தின் பங்கு கூடும், கடத்துதிறன் கூடும். 2 மி.மீ. உயரம் என்பதால் எட்டாத இடமே இல்லை. அதே பம்ப் திறனுக்கு அப்போது கடைகளில் கிடைத்த வெப்பப் பரிமாற்றிகளை விட இரண்டு, மூன்று மடங்கு குறைந்த வெப்பத் தடை கிடைத்தது. இந்த ஆய்வைத்தான் நுரைக்கு ஆதரவாகப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள், சரியான மேற்கோள்தான். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘நுரை நல்லது’ என்பதை மட்டுமல்ல, ‘நசுக்கிய, மெல்லிய நுரை நல்லது’ என்பதை.

இன்றைக்குப் போட்டியாக நிற்பது வேறு பொருள். செம்புக் கட்டியிலிருந்தே சீவி எழுப்பிய மெல்லிய ஃபின்கள், ஸ்கைவ்டு ஃபின் என்பார்கள். ஃபின் 0.2 மி.மீ., இடைவெளி 0.2 மி.மீ. என்று வைத்தால் பாதி செம்பு. ஏறும் திசையில் கடத்துதிறன் 190ஐத் தாண்டுகிறது. நசுக்கிய அலுமினிய நுரையில் உலோகம் 30 சதவீதம் ஆனாலும் அந்த எளிய விதிப்படி 22தான். தகடும் ஃபின்னும் ஒரே கட்டி என்பதால் இணைப்புத் தடையே கிடையாது. நுண்வழிகளின் வலிமை 1981லிருந்தே தெரிந்ததுதான். ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் இருவரும் சிலிக்கானில் 50 மைக்ரான் அகல வழிகளைக் கீறித் தண்ணீர் விட்டு, சதுர செ.மீ.க்கு 790 வாட் எடுத்துக் காட்டினார்கள்.

அதனால் தண்ணீருக்கும் ஃபின்தான் என் முதல் தேர்வு. ஆனால் காற்றில் சொன்ன அளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நேர்வழி ஃபின்னில் ஒரு வழி அடைபட்டால் அந்தக் கோடு முழுதும் காய்ந்துபோகும், மேலே இருக்கிற சிப்பின் அந்தப் பகுதி சூடேறும். நுரையில் தண்ணீர் சுற்றிப் போய்விடும். கொதிக்கும் குளிர்விப்பானை ஓட்டும்போது ஒரு வழியில் ஆவி பெருகி மற்ற வழிகளுக்கு ஓட்டம் தாவுவது நேர்வழிகளில் பெரிய தலைவலி. நுரையில் எல்லாத் துளைகளும் இணைந்திருப்பதால் அழுத்தம் சமமாகிவிடுகிறது. சூடு ஒரே இடத்தில் குவிந்து, அது எந்த இடம் என்று முன்கூட்டித் தெரியாத பெரிய தகடானால், பக்கவாட்டு இழைகள் அங்கே வீணாவதில்லை. நான் ஆரம்பத்தில் சொன்ன திசைக் கணக்கு இங்கே நுரைக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

மெழுகு: பாய்மமே ஓடாத இடம்

நுரைக்கு நான் மனதார வாக்களிக்கும் வேலை இதுதான். பேட்டரி செல்கள் சில நிமிடங்களுக்கு அதிகச் சூடு தருகின்றன, அப்புறம் ஓய்கின்றன. அந்தச் சூட்டை உருகும் பாரஃபின் மெழுகில் வாங்கிவைத்து மெதுவாக வெளியே விடலாம். கிலோவுக்கு 200 கிலோஜூல் அளவு உருகு வெப்பம் மெழுகுக்கு உண்டு. 1971இல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியிலும் மின்னணுப் பெட்டிகளின் சூட்டை வாங்க மெழுகைத்தான் வைத்தார்கள்.

மெழுகின் குறை அதன் கடத்துதிறன்: 0.2 மட்டும். சூடான சுவரை ஒட்டிய மெழுகு உருகிவிடும், இரண்டு செ.மீ. தள்ளியிருப்பது கல்லாக இருக்கும். சுவர் உருகுநிலையை விட 15 டிகிரி சூடாக இருக்கிறது, வெப்பம் கடத்தலால் மட்டும் போகிறது என்று வைத்தால், 20 மி.மீ. மெழுகு உருக மூன்று மணி நேரம் ஆகும். உள்ளே 5 சதவீத உலோகமுள்ள அலுமினிய நுரையை வைத்து மெழுகை ஊற்றினால் கடத்துதிறன் 3.6 ஆகிறது. அதே 20 மி.மீ. பத்து நிமிடத்துக்குள் உருகுகிறது. உருகிய மெழுகு சுழன்றும் கொஞ்சம் வெப்பத்தைச் சுமக்கும், நுரை அந்தச் சுழற்சியை அடக்கிவிடும் என்பதால் நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. ஆனாலும் வென்றது நுரைதான் என்பதில் சந்தேகம் வராது. இதற்கு நாம் கொடுத்த விலை மெழுகின் இடத்தில் 5 சதவீதம். பம்ப் இல்லை, ஃபேன் இல்லை, அழுத்த இழப்பு என்ற பேச்சே இல்லை. தூசி போக வழியில்லை.

தட்டையான ஒரே சுவரிலிருந்து வெப்பம் வருமானால் இங்கேயும் ஃபின் ஜெயிக்கும். அதே 5 சதவீத அலுமினியத்தை நெருக்கமான ஃபின்களாக நிறுத்தினால் ஏறும் திசையில் 11 கிடைக்குமே. ஆனால் 18650 செல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 18 மி.மீ. விட்டமுள்ள உருளைகள், நெருக்கமாக நிற்கின்றன. வெப்பம் ஒவ்வொரு உருளையின் முழுச் சுற்றிலிருந்தும் வருகிறது. நடுவில் கிடைக்கும் இடம் வளைந்த மூலைகளுள்ள விநோத வடிவம். அதற்குள் ஃபின்னை மடித்து நுழைத்துப் பிரேசிங் செய்வது பெரும்பாடு. நுரைக் கட்டியில் உருளைக்குச் சரியாகத் துளைகளை ஒயர் இடிஎம்மில் வெட்டிச் செல்களைச் செருகிவிடலாம். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெப்பத்தை வாங்க ஓர் இழை தயாராக இருக்கும். மூன்று திசைக்கும் பங்கிட்ட உலோகம் மூன்று திசையிலும் வேலை செய்யும் இடம் இது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: மெழுகு உருகும்போது பத்து சதவீதத்துக்கு மேலும் பருமன் கூடலாம் என்பதால் பெட்டியில் இடம் விட வேண்டும். அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பதால் செல்லுக்கும் நுரைக்கும் நடுவே காப்பு உறை வேண்டும்.

கிராஃபைட் நுரையும் அச்சிட்ட ஜைராய்டும்

கடத்துதிறன்தான் பிரச்சினை என்றால் கிராஃபைட் நுரை இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் கிளெட் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கியது. நுரைக் கட்டியாகவே அதன் கடத்துதிறன் ஒரு திசையில் 150ஐயும் தாண்டுகிறது, எடையோ அலுமினியக் கட்டியில் கால் பங்குக்கும் குறைவு. எட்டும் தூரக் கவலை பெருமளவு தீர்ந்தது. ஆனால் அதன் துளைகள் சிறு குமிழிகள், குமிழிக்குக் குமிழி சின்ன ஜன்னல்தான் வழி. காற்றைத் தள்ளவே முடியாது. அதனால் அதில் நேர்வழிகளை வெட்டிவிடுகிறார்கள், வெட்டினால் அது ஃபின்னாகிவிடுகிறது. உடையும், கரித்தூள் உதிரும், அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். மின்னணுப் பொருளுக்கு அருகே நான் வைக்க மாட்டேன்.

ஜைராய்டு வேறு ரகம், எதிர்காலத்தில் எனக்கு நம்பிக்கை இதன் மேல்தான். 1970இல் நாஸாவில் ஆலன் ஷோன் விவரித்த வளைபரப்பு இது. இடத்தை ஒன்றோடொன்று கலக்காத இரண்டு வழிகளாகப் பிரிக்கிறது. ஒன்றில் எண்ணெய், மற்றதில் தண்ணீர், நடுவே மெல்லிய சுவர். நுரை எப்போதும் ஒரு பாய்மத்தின் பக்கம் மட்டுமே வேலை செய்யும், அடுத்த பாய்மத்துக்குக் குழாயோ தகடோ தனியாக வேண்டும். ஜைராய்டில் எல்லாப் பரப்புமே பிரிக்கும் சுவர். வெப்பம் நீளமாக ஏற வேண்டியதே இல்லை, சுவரைக் குறுக்கே கடந்தால் போதும். எட்டும் தூரக் கணக்கே காணாமல் போகிறது. உலோகப் பவுடரை லேசரால் உருக்கி அச்சிடும் முறையில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள் என்பதால் விலையும் நேரமும் அதிகம், மூலைகளில் தங்கும் பவுடரை முழுதும் வெளியேற்றியாக வேண்டும், மெல்லிய சுவரில் கசிவு இல்லை என்று சோதித்தாக வேண்டும். ஒன்றிரண்டு எண்ணிக்கையில் செய்கிற உயர்விலைப் பொருளுக்கு இன்றே எடுக்கலாம். ஆயிரக்கணக்கில் வேண்டுமானால் இப்போதைக்கு இல்லை.

கணினியில் பார்க்கும்போதும், வாங்கும்போதும்

பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் சிஎஃப்டி மென்பொருளில் நுரையைப் போரஸ் மண்டலமாக (துளையுள்ள ஒரே பகுதியாக) வைத்து ஓட்டுகிறவர்கள் ஓர் இடத்தை விட்டுவிடாதீர்கள். உலோகத்துக்கும் பாய்மத்துக்கும் ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளும் எளிய மாதிரி நுரையை உள்ளதை விட நல்லதாகக் காட்டும். அலுமினியத்தின் கடத்துதிறன் காற்றைப் போல் எட்டாயிரம் மடங்கு. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சமன்பாடு வைக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுத்து, இழை வெப்ப மாற்றத்துக்குக் கல்மிடி, மகாஜன் சமன்பாட்டையோ உங்கள் நுரைக்கு அளந்த மதிப்பையோ கொடுங்கள். நுரை மிகச் சிறப்பாக இருக்கிறது என்று முடிவு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

வாங்கும்போது இன்னொன்று. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் செம்பு, நிக்கல் நுரைகள் பெரும்பாலும் பேட்டரி மின்முனைக்காகச் செய்தவை. பாலியூரித்தேன் நுரையின் மேல் உலோகத்தைப் படியவைத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை எரித்து எடுக்கிறார்கள். இழைகளின் உள்ளே பொள்ளல். செம்பு என்ற பெயரைப் பார்த்துக் கடத்துதிறன் 390 என்று கணக்குப் போட்டால் வரும் விடை தவறாகத்தான் இருக்கும், உலோகத்தின் உண்மையான பங்கு அவ்வளவு குறைவு.

அதைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசே போதும். 100 மி.மீ.க்கு 100 மி.மீ., 10 மி.மீ. உயர அலுமினிய நுரைத் துண்டை எடுங்கள். கட்டியாக இருந்தால் 270 கிராம் வரும். 8 சதவீத நுரை என்று விற்றவர் சொன்னால் 21.6 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 15 கிராம் காட்டினால் உலோகம் 5.6 சதவீதம்தான், கடத்துதிறன் 5.8 இல்லை, 4. பரிமாற்றியின் உயரத்தை அந்த எண்ணை வைத்து மறுபடியும் கணக்கிட்டுவிட்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கள்.